பாதி தூரம்

அறையில் இருந்தவர்கள்:

வைத்தியலிங்கம், மிதவை நகரின் நிர்வாக அதிகாரி. புயல் வரும் நாளிலும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் வருவார்.

வசுமதி, கணிதப் பேராசிரியர். இந்த ஊரில் வீடுகளை இடம் மாற்றும் கணக்கு அவருடையது.

பக்கிரிசாமி, குடியிருப்போர் சங்கத் தலைவர். கூப்பிடாமல் வந்தவர்.

அமுதவல்லி, ஊரின் கடைக்கோடியான வால்பகுதியில் குடியிருப்பவர். மனு கொடுக்க வந்தவர். அவருடைய மகள் பூங்கனி வெளியே பெஞ்சில் மூச்சு மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். அவளை அறையில் இருந்தவர்களில் சேர்க்க முடியாது.

ரூபன், கொக்கி இயக்குபவன். நான்தான். கல்லூரியைப் பாதியில் விட்டவன். ராத்திரி வேலை முடிந்து தூங்கப் போயிருக்க வேண்டும். திரையை இயக்க ஆள் இல்லை என்று பிடித்து வைத்திருந்தார்கள்.

கடல் ஏறி எங்கள் கரையோர ஊர்களை எடுத்துக்கொண்ட பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஊர் இது. ஒவ்வொரு வீடும் ஒரு மிதவை. நான்கு பக்கமும் இரும்புக் கொக்கிகள். பக்கத்து வீட்டோடு மாட்டலாம், கழற்றலாம். முதலில் யாருக்கு எந்த இடம் என்று குலுக்கல் போட்டார்கள். பழைய தெருக்கள் திரும்ப வந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். கணினியில் சாதி என்ற கட்டமே கிடையாது. எல்லோரையும் கேட்டது ஒரே ஒரு கேள்வி: உங்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தால் நல்லது என்று நினைக்கிறீர்கள், மூன்று பேரைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி. அதில் யாருக்கும் குற்றம் தெரியவில்லை.

பிறகு வசுமதியின் கணக்கு. ஒவ்வொரு இரவும் கணினி சில வீடுகளைக் குலுக்கலில் எடுக்கும். அந்த வீட்டார் சொன்ன மூன்று பெயர்களில் ஒன்றை மறுபடி குலுக்கலில் எடுக்கும். அந்தப் பெயர்க்காரரின் வீட்டை நோக்கி இந்த வீட்டைப் பாதி தூரம் நகர்த்தச் சொல்லும். முழுதாக அல்ல, பாதிதான். யாரையும் வற்புறுத்தியதாக ஆகாது. இழுவைப் படகை வைத்து நகர்த்துவது என் வேலை. தூங்கி எழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மாறியிருப்பார். ஆரம்பத்தில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் புயல் எங்களைக் கடக்கும் என்று அறிவித்திருந்தார்கள்.

"ஒவ்வொரு புயலுக்கும் வாலைத்தான் கழட்டி விடுறீங்க சார்," என்றார் அமுதவல்லி. "கழட்டினா எங்களுக்கு கரண்ட் போயிடுது. பாப்பாவோட மெஷினுக்கு பேட்டரி கொஞ்ச நேரந்தான் வரும். போன தடவை வாயில வாய வச்சு ஊதினேன் சார், விடியிற வரைக்கும். ஆஸ்பத்திரி மிதவைக்குப் பக்கத்துல எங்க வீட்டை மாட்டி விடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"நாங்களா ஆளு பாத்துக் கழட்டுறோம்?" என்றார் வைத்தியலிங்கம். "ஒரே துண்டா இருந்தா அலையில எல்லாமே நொறுங்கிடும்மா. எந்த எடத்துல கொக்கி கம்மியோ அங்க மெஷினே பிரிக்குது."

"அதான் நானும் கேக்குறேன். எங்க பக்கம் மட்டும் ஏன் கொக்கி கம்மி?"

வைத்தியலிங்கம் வசுமதியைப் பார்த்தார். வசுமதி என்னைப் பார்த்தார். "மேலேருந்து எடுத்த படம் இருக்கா தம்பி? போடு."

போட்டேன். வருஷக்கணக்காக நகர்த்திய வீடுகள். நான் ஒரு தடவையும் மேலிருந்து பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

பக்கிரிசாமிதான் முதலில் எழுந்து திரையருகே போனார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட! நம்ம ஊரு சார் இது! கடல் எடுத்துக்கிட்ட கரைமேடு! இதோ பாருங்க, இது கோயில் எடம். இது எங்க மேலத்தெரு. அப்படியே வளைஞ்சு வருது பாருங்க, அதேதான். இது கடைக்காரங்க தெரு. இங்க கொளம். இந்தச் சந்துலதான் நான் சைக்கிள் பழகுனேன். இது வாய்க்கா. வாய்க்காலுக்கு அந்தாண்ட..."

கை திரையில் அப்படியே நின்றது. வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர். அதைத் தாண்டி ஒற்றை வரிசைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது வால்.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட நாங்க," என்றார் அமுதவல்லி.

வெளியே மூச்சு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"தற்செயல்," என்றார் வசுமதி. பிறகு அவரே, "இல்ல, இருக்க முடியாது. ரூபன், எல்லா வீட்டையும் கலைச்சுப் போட்டு மறுபடி ஓட்டு. புதுக் குலுக்கல்."

கணினியில் ஓட்டுவதற்கு இழுவைப் படகு வேண்டாம். வீடுகள் வெறும் புள்ளிகள். கலைத்து ஓட்டினேன். முதலில் புகை மாதிரி இருந்தது. எந்தப் புள்ளி அடுத்து எங்கே குதிக்கும் என்று சொல்லவே முடியாது. கண்ணை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் புகைக்குள் மேலத்தெரு வளைந்தது. குளம் இருந்த இடம் காலியானது. வாய்க்கால் திறந்தது.

"போன படத்தையே திருப்பிப் போடுறியா?" என்றார் பக்கிரிசாமி.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க."

"அமுதவல்லி வீட்டை நட்ட நடுவுல வை," என்றார் வசுமதி. "வால்ல இருக்கிற எல்லாரையும் ஆஸ்பத்திரியைச் சுத்தி வை. மத்தவங்களை வெளில தள்ளு. இப்ப ஓட்டு."

ஓட்டினேன். நடுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அவர்களை யாரும் தள்ளவில்லை. மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களை நோக்கிப் பாதிப் பாதியாக நகர்ந்தார்கள், அவ்வளவுதான். முடிவில் அதே ஊர், அதே வால்.

எல்லா வீடுகளையும் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டச் சொன்னார். தலைகீழாக வைத்து ஓட்டச் சொன்னார். கடைசியில், "நீயே உன் இஷ்டத்துக்கு எங்கயாவது வை," என்றார். வைத்தேன். கரைமேடு வந்தது.

வைத்தியலிங்கம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "புரியிற மாதிரி சொல்லுங்க மேடம். குலுக்கல்ல ஏதாவது தில்லுமுல்லா?"

"குலுக்கல் சுத்தமானது சார். ஒவ்வொரு அடியும் சுத்தம். இந்த மாதிரி கணக்குக்கு எங்கேருந்து ஆரம்பிச்சோம்கிறது ஞாபகமே இருக்காது. பாதி, அதுல பாதி, அதுலயும் பாதின்னு போகப்போக ஆரம்பம் தேஞ்சு போயிடும். ஒரு வீடு நாளைக்கு எங்க இருக்கும்னு கேட்டா என்னால சொல்ல முடியாது. ஆனா எல்லா வீடும் சேந்து என்ன படமா ஆகும்கிறது முதல் நாளே முடிவாயிடுச்சு. நாம யார் யார் பேரைச் சொன்னோமோ, அதோட உருவம் அது. குலுக்கல் அதை வரையிற பேனா. அவ்வளவுதான்."

"எங்க பேரை யாரு சொன்னாங்க மேடம்?" என்றார் அமுதவல்லி. "நான் நர்ஸம்மா பேரைச் சொன்னேன். மளிகைக்காரர் பேரைச் சொன்னேன். உங்க பேரைச் சொன்னேன்."

வசுமதி என் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் நான் தேடிப் பார்த்தேன். அமுதவல்லியின் பெயரைச் சொன்னவர்கள் வாலில் மட்டும்தான் இருந்தார்கள்.

"இந்தப் படத்துக்கு இன்னொரு குணம் உண்டு," என்றார் வசுமதி. எங்களிடம் சொல்வதாகத் தெரியவில்லை. "எந்தத் துண்டை எடுத்துப் பெருசாக்கினாலும் முழுப் படமும் அதுக்குள்ள இருக்கும். வாலைப் பெருசாக்கு, ரூபன்."

பெரிதாக்கினேன். வாலுக்குள் சின்னதாக ஒரு மேலத்தெரு. சின்னதாக ஒரு வாய்க்கால். அதைத் தாண்டி ஒற்றை வீடு.

"அது மயில்வாகனம் வீடு," என்றார் அமுதவல்லி. குரல் இறங்கிவிட்டது. "நாங்க யாரும் அவங்களைச் சொல்லல."

பக்கிரிசாமி சிரித்துவிட்டார். "பாத்தீங்களா? அங்கயும் அதான். நம்மள மட்டும் சொல்றாங்க."

"நடுவைப் பெருசாக்கு," என்றார் வசுமதி. "தலைவர் தெருவை."

வளைந்த தெரு. அதற்குள் சின்னதாக ஒரு வளைவு. ஓர் இடைவெளி. அப்புறம் ஒரே ஒரு வீடு.

பக்கிரிசாமியின் சிரிப்பு நின்றது. "எங்க அண்ணி," என்றார். "அண்ணன் போனதுக்கப்புறம் தனியா இருக்கணும்னு அதுவேதான் கேட்டுச்சு." மறுபடியும் சொன்னார்: "அதுவேதான் கேட்டுச்சு."

வசுமதி எழுந்துவிட்டார். "அணைச்சுடு. இந்தக் கணக்கு இனிமே ஓடக் கூடாது. பேரெல்லாம் அழிச்சுடு. தப்பு என்னோடது. முடிவை மெஷின் கையில கொடுத்தது நான்."

"இப்ப வீடுகளைத் திருப்பி மாட்ட நேரமில்லை மேடம்," என்றார் வைத்தியலிங்கம்.

"வீடு வேண்டாம். எல்லாரும் புயல் கூடத்துக்கு வரட்டும். வாலும் வரட்டும். குலுக்கல் வேண்டாம், இட ஒதுக்கீடு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். யார் வேணா எங்க வேணா உக்காரட்டும். மனுஷங்கதானே? பாத்துப்பாங்க."

"பாப்பாவுக்கு பிளக்கு வேணும் மேடம்," என்றார் அமுதவல்லி. "அது மட்டும்."

"மேடை ஓரத்துல பிளக் பாயிண்ட் இருக்கு. நானே கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கிறேன்."

நான் அணைத்தேன். பெயர்களை அழித்தேன். இரண்டுக்கும் ஒரே பொத்தான்தான்.

புயல் கூடம் கடல் தரையில் தூண்கள் ஊன்றிக் கட்டிய கான்கிரீட் கட்டடம். மிதக்காத கட்டடம் எங்களுக்கு அது ஒன்றுதான். முன்னால் மேடை. பிளக் பாயிண்ட் எல்லாம் மேடைச் சுவரில். பின்கோடியில் ஓர் இரும்புக் கதவு; அதன் சாவி சங்கத் தலைவரிடம். அதற்கு அந்தப் புறம் பம்பு அறை, நாலு படி பள்ளத்தில்; அலை ஏறினால் முதலில் தண்ணீர் வருவது அங்கேதான். எனக்கு மேல்மாடியில் கேமரா அறை. கூடத்தில் தூணுக்குத் தூண் மைக் உண்டு. பேசுவது எல்லாம் கேட்கும்.

மதியத்துக்குள் ஊரே உள்ளே வந்துவிட்டது. சோற்றுப்பானை, பாய், கோழிக்கூண்டு, சாமிப்படம், எல்லாம் வந்தன. வசுமதி சொன்னபடி செய்தார். பூங்கனியைத் தானே கைபிடித்து அழைத்து வந்து மேடை ஓரத்தில் உட்கார வைத்தார். மெஷினின் பிளக்கைத் தன் கையால் சொருகினார். அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். முகமூடியைத் தூக்கிவிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள். வசுமதி அவள் தலையைத் தடவிவிட்டு முதலுதவிப் பெட்டிகளை எண்ணப் போனார்.

கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யம்மா, தப்பா எடுத்துக்காத. பெரியவரு கால் நீட்டணும். ஒரு பாய் அளவு தள்ளிக்கிறியா?"

"சரிங்கய்யா."

"அக்கா, அந்த மெஷின் சத்தத்துல கைப்புள்ள முழிச்சு முழிச்சு அழுவுது. ஒயர் இருந்தா கொஞ்சம் நீட்டிக்க. இந்தா, நானே ஒயர் தாறேன். எங்க வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்."

"குடும்மா. நல்லாருப்ப."

"பாப்பாவுக்குக் காத்து வேணுமில்ல? இங்க ஒரே புழுக்கம். அந்தத் தூணுக்கிட்ட பாரு, நல்லா காத்து வருது."

"உங்க ஆளுங்கல்லாம் அங்கதான இருக்காங்க? ராத்திரி ஒரு அவசரம்னா துணை வேண்டாமா? நாங்க தூங்கிடுவோம்."

இதில் ஒருவரும் கத்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஒயர் கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். ஒரு கிழவர் தன் போர்வையைக் கொடுத்தார். அமுதவல்லி ஒவ்வொரு தடவையும் பாயைச் சுருட்டினார், விரித்தார், சுருட்டினார். பூங்கனி மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சேர்ந்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. பாய் போடும் சண்டை எல்லா இடத்திலும் உள்ளதுதான் என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன்.

வானம் கறுத்ததும் கூடத்தின் விளக்குகளைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு வெப்பக் கேமராவில்தான் பார்க்க முடியும். கூடத்தையும் பம்பு அறையையும் மேலிருந்து எடுப்பது. இருட்டில் ஆள்கள் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிவார்கள்.

வசுமதி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அலையின் உயரம் கேட்கத்தான் வந்திருப்பார். வாய் திறந்தவர் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அணைக்கச் சொன்னேன் இல்ல? எதுக்குடா திரும்ப ஓட்டுற? யாரு ஓட்டச் சொன்னது?"

"மேடம்..."

"அணை! முதல்ல அதை அணை!"

"மேடம், இது கணக்கு இல்ல. கேமரா. கீழே இருக்கிற ஹால்."

அவர் கை என் தோளிலேயே இருந்தது. கனமாகிக்கொண்டே போனது.

திரையில் மேலத்தெரு வளைந்திருந்தது. குளம் இருந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. அங்கே செருப்புகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். கூடத்தின் பின்பகுதியில் குறுக்காக ஓர் இருட்டுப் பட்டை. ஒரு புள்ளிகூட இல்லாத வெறும் தரை. அந்த இடத்தில் அத்தனை பேரும் தாராளமாகப் படுக்கலாம். அதைத் தாண்டி இரும்புக் கதவுக்கு அந்தப் புறம், பம்பு அறையிலும் படிகளிலும் மஞ்சள் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. பம்பு அறையின் கடைசி மூலையில் இரண்டு புள்ளிகள் தனியாக. மயில்வாகனமும் அவர் சம்சாரமும் என்று நினைக்கிறேன்.

"யாரும் ஓட்டலையா?" என்றார் வசுமதி. குழந்தை கேட்பது போல இருந்தது. "யாருமே ஓட்டலையா?"

"இல்லைங்க."

"ஒரு சாயங்காலம்கூட ஆகலையே."

சாதாரணக் கேமராவில் மேடைச் சுவரைப் பார்த்தோம். பிளக் பாயிண்ட்டில் கைபேசிகள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை ஒயர். அது பாய்களுக்கு அடியில், பானைகளுக்கு இடையில், காலி இடத்தைத் தாண்டி, இரும்புக் கதவின் நிலைப்படி மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

வசுமதி ஓடினார். படியில் தடுக்கி விழுந்து எழுந்த சத்தம் கேட்டது. பிறகு திரையில் ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தார். வேகமான புள்ளி. கூடத்தில் எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள். "வாங்க மேடம்", "பாத்து வாங்க, தரை ஈரம்." காலி இடத்தில் அவர் ஒருவர்தான் போனார். கதவைத் தாண்டிப் படியிறங்கினார்.

"அமுதவல்லி, எழுந்திருங்க. எல்லாரும் எழுந்திருங்க. முன்னால வாங்க." பம்பு அறைக்குள் இருந்து அவர் குரல் தூரத்து மைக்கில் மெல்லக் கேட்டது.

"இப்பதான் மேடம் புள்ளை கண்ணசந்துச்சு," என்றது அமுதவல்லியின் குரல். "எத்தனை தடவைதான் எழுப்புறது?"

அப்போதுதான் முதல் பெரிய அலை தூண்களில் மோதியது. கட்டடம் அதிர்ந்தது. பம்பு அறைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று கூடத்துக்குள் சீறியது. கோழிகள் கத்தின.

கதவருகே உள்ள தூணின் மைக்கைப் பெரிதாக வைத்தேன்.

"தண்ணி தெறிக்குது. கதவைச் சாத்துங்கப்பா."

"ஒயர் கெடக்குல்ல?"

"எடுத்து விடு. ஈரத்துல கரண்ட் பாஞ்சா எல்லாரும் சாவோம்."

"மேடம் உள்ள போயிருக்காங்களே," என்றது ஒரு பெண் குரல்.

"அந்தப் பக்கம் வேற வழி இருக்கும்."

அந்தப் பக்கம் வேறு வழி கிடையாது. ஒலிபெருக்கியைப் போட்டேன். "கதவைச் சாத்தாதீங்க! உள்ள ஆளுங்க இருக்காங்க! பாப்பா மெஷின்ல இருக்கு! எல்லாரையும் இந்தப் பக்கம் கூப்பிடுங்க!"

என் குரல் கூடம் முழுக்க ஒலித்தது. எல்லோரும் மேலே ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கூப்பிடலாமே," என்றது அந்தப் பெண் குரல்.

"இங்க எடம் எங்க இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். உண்மையாகவே கேட்டார்கள். காலி இடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு கேட்டார்கள்.

வைத்தியலிங்கம் தூணருகே வந்து மைக்கைப் பார்த்துப் பேசினார். "ரூபா, பதட்டப்படாத. ஒரு அஞ்சு நிமிஷம். அலை தணிஞ்சதும் நானே திறந்து விடுறேன்."

நான் மாடியிலிருந்து பாய்ந்து இறங்கினேன். கூடத்தின் முன்பக்கம் வந்தபோது நடுவே பாய்கள், கால்கள், பானைகள். மிதிக்காமல் போக வழி இல்லை. மிதித்துக்கொண்டு போனேன். திட்டினார்கள்.

தூரத்தில் பக்கிரிசாமி குனிந்து வெள்ளை ஒயரைப் பிடித்து மெதுவாக இழுத்தார். கதவின் அந்தப் புறம் எதிலிருந்தோ அது கழன்று வந்தது. முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே அதை அழகாகச் சுற்றினார். யாருடைய ஒயரோ, வீணாகக் கூடாது. பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டினார்.

கதவிடுக்கில் வசுமதியின் முகம் தெரிந்தது. முதுகில் பூங்கனியைச் சுமந்துகொண்டு கடைசிப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க மேடம், விரல் மாட்டிக்கப் போவுது," என்றார் பக்கிரிசாமி.

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டினார்.